ஏரிக்குள்ளே ஒரு வீடு!

என் உத்தியோகம் குண்டூசி குத்துவது. சிரிக்காதீர்கள். மாசம் பிறந்தால் சம்பளம் தருகிறார்கள்.

செல்போனில் பிரியாணி ஆர்டர் பண்ணினால், மேப்பில் சிவப்பாக ஒரு குண்டூசி வந்து உட்காருகிறதல்லவா? அந்தமாதிரி ஊசிகளைக் கம்ப்யூட்டரில் குத்துகிற கூட்டத்தில் நானும் ஒருவன். விலாசத்தைக் கொடுத்தால் ஊசி வரும். ஊசியைக் கொடுத்தால் விலாசம் வரும். இரண்டு ஊசிக்கு நடுவே நீலமாக ஒரு கோடு வரும். எட்டு வருஷமாக இதுதான் பிழைப்பு.

பெண் பார்க்கப் போனபோது வருங்கால மாமனார் கேட்டார்: "மாப்பிள்ளைக்கு என்ன வேலை?"

"மேப் போடறேன் சார்."

அவர் முகம் மலர்ந்தது. "அடடே, சர்வே டிபார்ட்மென்ட்டா? நானும் அதேதான்!"

செங்கல்பட்டுப் பக்கம் தாலுகா ஆபீஸ்களில் முப்பது வருஷம் சர்வேயராக இருந்து ரிடையர் ஆனவர் அவர். என் வேலையை விளக்கிச் சொன்னதும் மலர்ந்த முகம் வாட ஆரம்பித்தது.

"அப்ப, வயல்ல இறங்கவே மாட்டீங்களா?"

"மாட்டேன் சார்."

"வெயில்?"

"ஏ.சி. சார்."

"பாம்பு?"

"ஆபீஸ்ல மேனேஜர் இருக்கார் சார்."

பெண்ணைக் கொடுத்துவிட்டார். மரியாதையை மட்டும் நிறுத்தி வைத்துவிட்டார். யாராவது என்னைப் பற்றி விசாரித்தால் "கம்ப்யூட்டர்ல ஏதோ பண்றார்" என்று சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றிவிடுவார்.

*

போன ஐப்பசியில் ஒரு நாள் ராத்திரி. வெளியே அடைமழை.

ஆக்ஸிஜன் சிலிண்டர், ஆஸ்பத்திரிக் கட்டில் போன்ற சாமான்களை வீட்டுக்கே அனுப்பி வைக்கும் ஒரு கம்பெனிக்கு நாங்கள் மேப் செய்து கொடுத்திருந்தோம். வண்டி எங்கே இருக்கிறது, எந்த வீட்டுக்குப் போகவேண்டும் என்று காட்டும் மேப். பத்தரை மணிக்கு எனக்கு போன். சிலிண்டர் எடுத்துக்கொண்டு போன பையன் லைனில்.

"சார், மேப்பு காட்டற எடத்துக்கு வந்துட்டேன். இங்க வீடு எதுவும் இல்லை சார்."

"நல்லாப் பாருங்க தம்பி."

"நல்லாப் பாத்துட்டேன் சார். தவளைதான் கத்துது."

திரையைத் திறந்தேன். வயிற்றைப் பிசைந்தது. என் குண்டூசி பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்கு நட்டநடுவில் ஜம்மென்று நின்றுகொண்டிருந்தது. பையன் ரோட்டோரம் மழையில் நனைந்தபடி தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். உண்மையான வீடு அங்கிருந்து இரண்டு கிலோமீட்டர் தள்ளி, மேடவாக்கம் பக்கமாக.

நடந்தது இதுதான். அவர்கள் கொடுத்த விலாசத்தில் தெருப் பெயர் கிடையாது. 'அம்மன் கோவில் பின்புறம்' என்று இருந்தது. விலாசத்தை இடமாக மாற்றித் தருகிற சேவைக்கு எந்த அம்மன் என்று தெரியவில்லை. தெரியாதபோது அது என்ன பண்ணும்? பேட்டையின் நடுப்புள்ளி எதுவோ அதை எடுத்துக் கொடுத்துவிடும். ஆனால் யோக்கியமாகக் கூடவே ஒரு சீட்டும் வைத்து அனுப்பும்: 'இது வீட்டுக் கூரை இல்லை, குத்துமதிப்பு.'

அந்தச் சீட்டைத் தூக்கிக் குப்பையில் போட்டது யார்? அடியேன்தான். ஊசி குத்துகிற அவசரத்தில், வந்த பதிலில் இருந்த இரண்டு எண்களை மட்டும் எடுத்துக்கொண்டு மிச்சத்தை விட்டுவிட்டேன். அந்த எண்களோ புள்ளிக்குப் பின்னால் ஆறு இலக்கம். ஆறு இலக்கம் என்றால் பதினோரு சென்டிமீட்டர் துல்லியம். அதாவது, பதினோரு சென்டிமீட்டர் கூடப் பிசகாமல் ஏரிக்குள்ளே ஒரு வீடு!

கடைசியில் அந்த வீட்டுப் பிள்ளையே மழையில் பைக்கை எடுத்துக்கொண்டு வந்து, பையனைக் கூட்டிப்போனார். ஐம்பத்தைந்து நிமிஷம் தாமதம். அவருடைய அம்மாவுக்கு வைத்திருந்த பழைய சிலிண்டரின் முள் சிவப்புக்குள் போய்விட்டிருந்தது. கடவுள் புண்ணியத்தில் ஒன்றும் ஆகவில்லை.

மறுநாள் அவரே போன் செய்தார். திட்டுவார் என்று காதைத் தயார் பண்ணி வைத்துக்கொண்டேன். திட்டவில்லை.

"சார், ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். எங்க ஏரியாவுக்கு நீங்க ஒரு தடவையாவது வந்திருக்கீங்களா?"

"இல்லை சார்."

"அதான்" என்று சொல்லி வைத்துவிட்டார்.

ஆபீஸில் அதற்கு ஒரு நம்பர் போட்டு, 'அவசரமில்லை' என்கிற வரிசையில் சேர்த்துவிட்டார்கள். எனக்குத்தான் அந்த 'அதான்' சாப்பிடும்போது, தூங்கும்போது, பல் தேய்க்கும்போதெல்லாம் கேட்டுக்கொண்டே இருந்தது.

*

தை பிறந்து பொங்கலுக்கு மாமா வந்திருந்தார். விஷயத்தைச் சொன்னேன். முழுசாகக் கேட்டுவிட்டு, வெற்றிலையை மடித்துப் போட்டுக்கொண்டார்.

"ஞாயித்துக்கிழமை ஸ்கூட்டரை எடுங்க மாப்பிள்ளை. நான் பின்னாடி உக்காந்துக்கறேன்."

"அந்த வீட்டுக்கா மாமா?"

"வீட்டுக்குத்தான். ஆனா முதல்ல பரங்கிமலை."

"அது வேற திசையாச்சே?"

"ஒரு இடத்துக்குப் போறதுன்னா ஆரம்பத்துலேருந்து போகணும். ஒங்க மேப்பெல்லாம் ஆரம்பிச்சது அங்கதான்."

ஆபீஸில் எங்களுக்கு இதெல்லாம் கலிபோர்னியாவில் ஆரம்பித்தது என்றல்லவா சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்!

பரங்கிமலை சுமார் முந்நூறு அடி உயரம்தான். கோஜா பெட்ரஸ் உஸ்கான் என்கிற ஆர்மீனிய வியாபாரி 18-ம் நூற்றாண்டில் கட்டுவித்த படிகள் இருக்கின்றன. மாமா எழுபது வயசில் விறுவிறுவென்று ஏறினார். முப்பத்திரண்டு வயசுக் குண்டூசிக்காரன் மூச்சு வாங்கிக்கொண்டு பின்னால் போனேன். மேலே பழைய மாதா கோவில். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். கீழே மீனம்பாக்கத்தில் விமானங்கள் பொம்மை மாதிரி ஊர்ந்துகொண்டிருந்தன.

மாமா கோவிலைத் தாண்டி நேராக ஒரு சிலைக்கு முன்னால் போய் நின்றார். செருப்பைக் கழற்றினார்.

"மாமா, இவர் சாமி இல்லையே?"

"எங்க டிபார்ட்மென்ட்டுக்குச் சாமிதான்."

மார்பளவுச் சிலை. வில்லியம் லாம்டன். 1802-ம் வருஷம் ஏப்ரல் 10-ம் தேதி இந்த மலையடிவாரத்தில்தான் இந்த மனிதர் இந்தியாவை அளக்க ஆரம்பித்தார். நூறு அடி நீளச் சங்கிலி. இரண்டரை அடி எஃகுக் கம்பிகள் நாற்பதைக் கோத்துச் செய்தது. சீனச் சக்கரவர்த்தியிடம் 1793-ல் போன பிரிட்டிஷ் தூதுக்குழுவின் சாமான்களில் மிஞ்சியது, கை மாறிக் கை மாறி இங்கே வந்து சேர்ந்தது. அதை வைத்துக்கொண்டு பரங்கிமலையிலிருந்து தெற்கே பெரும்பாக்கம் வரை ஏழரை மைல் நேர்கோடு. கிட்டத்தட்ட நானூறு தடவை சங்கிலியைத் தூக்கித் தூக்கி வைக்கவேண்டும். சித்திரை வெயிலில்!

"அதுல ஒரு சூட்சுமம் இருக்கு மாப்பிள்ளை. வெயில்ல எஃகு நீளும். நூறடிச் சங்கிலி மத்தியானத்துல நூறடியா இருக்காது. அதனால பக்கத்துலேயே தெர்மாமீட்டர் வெச்சு, எவ்வளவு சூடோ அதுக்குத் தக்கபடி கணக்கைச் சரி பண்ணினார்."

அந்த ஒரு கோடு கிடைத்துவிட்டால் போதும். அதன் இரண்டு முனையிலிருந்தும் தூரத்தில் ஒரு குன்றையோ கோபுரத்தையோ பார்த்துக் கோணத்தைக் குறித்துக்கொண்டால், முக்கோணத்தின் மற்ற இரண்டு பக்கமும் கணக்கிலேயே வந்துவிடும். அந்தப் பக்கத்தின் மேல் இன்னொரு முக்கோணம். அதன் மேல் இன்னொன்று. இப்படியே முக்கோணம் முக்கோணமாகப் போய், லாம்டனுக்குப் பிறகு வந்தவர்கள் இமயமலையைத் தொட்டார்கள். 1852-ல் ராதாநாத் சிக்தார் போட்ட கணக்கில்தான் எவரெஸ்ட் உலகத்திலேயே உசத்தி என்று தெரிந்தது. 1856-ல் 29,002 அடி என்று அறிவித்தார்கள்.

"நடுவுல தப்பு வந்தா மாமா?"

"வராம இருக்குமா? 1808-ல தஞ்சாவூர்ப் பெரிய கோவில் விமானத்து மேல, அரை டன் தியோடலைட்டைக் கயிறு கட்டி ஏத்தினாங்க. கயிறு அறுந்து, கருவி விமானத்துல மோதி நசுங்கிடுச்சு. மனுஷன் தூக்கிப் போட்டுடலை. வாரக்கணக்கா உக்காந்து தட்டித் தட்டித் தானே சரி பண்ணினார். அதுக்கு முன்னாடியே 1804-ல பெங்களூர் போனதும் என்ன செஞ்சார் தெரியுமா? கணக்குல வந்த தூரத்தை நம்பலை. மறுபடி சங்கிலியை எடுத்துத் தரையில போட்டு அளந்தார். அங்குலக் கணக்குலதான் வித்தியாசம்."

சிலையைப் பார்த்தபடியே சொன்னார்: "தன் அளவுல தப்பு எவ்வளவுன்னு தெரிஞ்சவன்தான் சர்வேயர். தப்பே இல்லைன்னு சொல்றவன் புரோக்கர்."

எனக்குக் காது சூடாகிவிட்டது.

*

கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்தோம். மாமா என் செல்போனைக் காட்டி, "சரி, இப்ப ஒங்க சங்கிலியைக் காட்டுங்க" என்றார்.

எட்டு வருஷத்தில் முதல் தடவையாகக் கேட்கிறார். உற்சாகமாகிவிட்டேன்.

"உலகம் பூரா ஒரே சதுரம்னு வெச்சுக்குங்க மாமா. 256-க்கு 256 புள்ளி. ஒரு தடவை கிட்டப் போனா அது நாலு சதுரமாகும். இன்னொரு தடவை போனா பதினாறு. இப்படிப் பதினெட்டு தடவை போனா 6,871 கோடிச் சொச்சம்."

"அத்தனையும் இந்த டப்பாக்குள்ளயா?"

"இல்லை. ஒங்க கண்ணுக்குத் தெரியற பத்து இருபதை மட்டும் சர்வர் கொண்டுவந்து வைப்பான்."

"ஹோட்டல்லயும் அவன் பேர் சர்வர்தானே?"

"அதே கதைதான் மாமா. சமையல்கட்டுக்குள்ள நாம போகமுடியாது. மெனு கார்டுல இருக்கற மாதிரி கேட்டா, கொண்டுவந்து வைப்பான். அந்த மெனு கார்டுக்குத்தான் ஏ.பி.ஐ.ன்னு பேர். மேப் ஒரு அயிட்டம், விலாசத்தை இடமாக்கறது ஒரு அயிட்டம், வழி காட்டறது ஒரு அயிட்டம். சில ஹோட்டல்ல பில் எகிறிடும்."

மெனு கார்டு வந்த கதையையும் சொன்னேன். 2005 பிப்ரவரியில் கூகுள் மேப்ஸ் வந்தபோது ஏ.பி.ஐ. எதுவும் கிடையாது. பால் ராடமாக்கர் என்கிற புரோகிராமர் கலிபோர்னியாவில் வாடகை வீடு தேடி அலுத்துப்போய், வீட்டு விளம்பரங்களை அந்த மேப்பின் மேல் தானே ஊசியாகக் குத்திவிட்டார். யாரிடமும் கேட்கவில்லை, சமையல்கட்டுக்குள் நேராக நுழைந்துவிட்டார்! கம்பெனி கோபித்துக்கொள்ளவில்லை. ஜூன் மாசமே எல்லாருக்கும் மெனு கார்டை அச்சடித்துக் கொடுத்தது. அப்புறம் அவரையே வேலைக்கும் எடுத்துக்கொண்டது. வாடகை வீடு தேடுகிறவன் நினைத்தால் என்னவெல்லாம் நடக்கும், பாருங்கள்.

இந்தப் பக்கம், 2004-ல் இங்கிலாந்தில் ஸ்டீவ் கோஸ்ட் என்பவர் ஆரம்பித்த ஓப்பன்ஸ்ட்ரீட்மேப். அது ஊர் கூடிச் சமைக்கிற அன்னதானம். யார் வேண்டுமானாலும் தன் தெருவை வரையலாம், யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். அந்த மேப்பைத் திரையில் விரித்து ஊசி குத்துவதற்கு லீஃப்லெட் என்று ஒரு குட்டிக் கருவி இருக்கிறது. வொலோதிமிர் அகஃபோன்கின் என்கிற உக்ரைன்காரர் எழுதி 2011-ல் வெளியிட்டார். காசு கிடையாது. என் பிழைப்பில் பாதி அவர் போட்ட பிச்சை.

"பள்ளம் எதுவும் கிடையாதா இதுல?"

"நிறைய மாமா. பரங்கிமலை 13 டிகிரி வடக்கு, 80 டிகிரி கிழக்கு. சிலபேர் வடக்கை முதல்ல எழுதச் சொல்வாங்க. சிலபேர் கிழக்கை முதல்ல எழுதச் சொல்வாங்க. லீஃப்லெட்ல வடக்கு முதல்ல. ஜியோஜேஸன்னு இடத்தை எழுதிவைக்க ஒரு முறை இருக்கு, அதுல கிழக்கு முதல்ல. அசந்து மறந்து மாத்திப் போட்டா, நாம இப்ப உக்காந்திருக்கற சுவரு ஸ்வால்பார்ட் தீவுக்கு வடக்கே ஆர்க்டிக் கடல்ல மிதக்கும்."

"பிரியாணி ஆறிடுமே!"

இன்னொன்றும் சொன்னேன். 1830-ல் எவரெஸ்ட் துரை கணக்குப் போட்டு வைத்த பூமியின் உருவம் ஒன்று. ஜி.பி.எஸ். வைத்துக்கொண்டிருக்கிற உருவம் வேறொன்று. பழைய சர்வே மேப்பில் இருக்கிற எண்ணை மாற்றிக் கணக்கிடாமல் அப்படியே செல்போனில் போட்டால், நட்ட கல் நூறு மீட்டருக்கு மேல் நகர்ந்துவிடும்.

மாமா போனை வாங்கி உற்றுப் பார்த்தார். நாங்கள் இருந்த இடத்தில் ஒரு நீலப் புள்ளி. அதைச் சுற்றி மங்கலாக ஒரு நீல வட்டம்.

"இந்த வட்டம் என்ன?"

"நாம இந்த வட்டத்துக்குள்ள எங்கயோ இருக்கோம்னு அர்த்தம் மாமா. போனுக்குச் சரியா தெரியலைன்னா வட்டம் பெருசாகும். இத்தனை மீட்டர்னு நம்பராவும் சொல்லிடும். பெரும்பாலும் அந்த வட்டத்துக்குள்ளதான் இருப்போம்னு பொருள்."

"அட, டப்பா யோக்கியமா இருக்கே! அப்ப ஆக்ஸிஜன் போன அன்னிக்கு இந்த வட்டம் எங்க போச்சு?"

நான் விமானங்களைப் பார்த்தேன்.

*

மேடவாக்கம் மெயின் ரோட்டைப் பிடித்து இறங்கினோம். வாணுவம்பேட்டை, கீழ்க்கட்டளை, கோவிலம்பாக்கம். லாம்டன் சங்கிலி போட்ட திசையில்தான் கிட்டத்தட்ட இந்த ரோடும் போகிறது. அவருக்கு டிராபிக் இல்லை. எங்களுக்குச் சங்கிலி இல்லை. வேகம் ஒன்றுதான்.

வழியெல்லாம் மாமா பின்சீட்டிலிருந்து தெருப் பலகைகளை உரக்கப் படித்துக்கொண்டே வந்தார். "காந்தி தெரு... பாரதியார் தெரு... மறுபடி காந்தி தெரு... ரெண்டாவது குறுக்குத் தெரு... மாப்பிள்ளை, இன்னொரு காந்தி தெரு!" நாலாவது காந்தி தெரு வந்தபோது எனக்கு அந்தச் சேவையின் மேல் இரக்கமே வந்துவிட்டது. சிங்காரச் சென்னையில் விலாசம் என்பது எண்ணும் தெருவுமா சார்? 'தண்ணி டேங்க்குக்கு எதிர்ல, பிள்ளையார் கோவில் ஒட்டினாப்ல' என்பதல்லவா விலாசம்!

கோவிலம்பாக்கம் தாண்டி டீக்கடையில் நிறுத்தி, வேண்டுமென்றே போனைச் சட்டைப் பையில் போட்டுவிட்டு வழி கேட்டேன்.

"நேராப் போங்க. ஆலமரம் வரும்ல, அங்க லெஃப்ட்."

"ஆலமரம் எங்கே இருக்கு?"

"அத வெட்டி ஆறு வருஷம் ஆச்சு சார்."

எந்த ஏ.பி.ஐ.யால் இதைச் சமாளிக்க முடியும்? 1972 ஆகஸ்ட் 15-ல் வந்த பின்கோடு தபாலாபீஸ் வரைக்கும் கொண்டுவந்து விடும். 2025 மே மாசம் தபால் துறை டிஜிபின் கொண்டுவந்திருக்கிறது. நாடு பூராவையும் நாலு மீட்டருக்கு நாலு மீட்டர் கட்டமாக வெட்டி, கட்டத்துக்குப் பத்து எழுத்தில் ஒரு பெயர். நல்ல யோசனைதான். ஆனால் அந்தப் பத்து எழுத்தும் இடத்தின் எண்களிலிருந்து பிறப்பவை. வாசலில் நின்று எடுத்தால் வாசலைக் காட்டும். என்னைப்போல ஏரி நடுவிலிருந்து எடுத்தால், அழகாகப் பத்து எழுத்தில் ஏரியைக் காட்டும்.

மேடவாக்கத்தில் இடதுபக்கம் திரும்பி, முதலில் அந்த இடத்துக்கே போனோம். என் ஊசி நின்ற இடம்.

ரோட்டுக்குப் பக்கத்தில் கண்ணுக்கு எட்டிய மட்டும் தண்ணீரும் கோரையும். பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம். 2022-ல் ராம்சார் பட்டியலில் சேர்ந்து, உலகப் பெயர் வாங்கிய இடம். தூரத்தில் வெள்ளையும் ரோஸுமாகப் பூநாரைகள். இத்தனை அழகான இடத்தில்தானா அன்றைக்கு ஒரு பையன் சிலிண்டரோடு மழையில் நின்றுகொண்டு தவளைச் சத்தத்தைக் கேட்டான்?

2015 டிசம்பர் வெள்ளம் ஞாபகம் வந்தது. அப்போது சென்னையில் எந்தெந்தத் தெருவில் தண்ணீர் நிற்கிறது என்று ஜனங்களே குறித்துக்கொடுத்த ஒரு மேப் இணையத்தில் ஓடியது. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் இருந்த தெருக்களைத் தொட்டால் சிவப்பாகும். அதிகாரி யாரும் வந்து அளக்கவில்லை. முழங்கால் தண்ணீரில் நின்றவர்கள் குறித்தார்கள். அந்த மேப் ஏன் உதவியது என்று எனக்கு இங்கே நின்றபோதுதான் உறைத்தது. குறித்தவன் அந்த இடத்தில் நின்றுகொண்டிருந்தான். அவ்வளவுதான் ரகசியம்.

மாமா தண்ணீரைக் காட்டினார். "மாப்பிள்ளை, பட்டா வாங்கியாச்சா?"

*

வீட்டைக் கண்டுபிடிக்க இருபது நிமிஷம் ஆயிற்று. அம்மன் கோவில் சின்னது. அதன் பின்னால் இரண்டு பைக் ஒதுங்கக்கூட இடமில்லாத சந்து. போனில் அந்தச் சந்தே இல்லை. மேப்பைப் பொறுத்தவரை நாங்கள் யாருடைய கொல்லைப்புறத்திலோ நடந்துகொண்டிருந்தோம்.

கதவைத் திறந்தவர் என் வயசுக்காரர். பேரைச் சொன்னேன். வேலையைச் சொன்னேன். அவருக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும் என்ன பேசுவது என்று அவருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. உள்ளே கட்டிலிலிருந்து குரல் வந்தது.

"யாருப்பா?"

"அன்னிக்கு சிலிண்டர் வரலியேம்மா, அந்த மேப்புக்காரங்க."

மூக்கில் குழாய் வைத்திருந்த அந்த அம்மாள் என்னை ஏற இறங்கப் பார்த்தார். மூச்சு விட்டு மூச்சு விட்டுத்தான் பேச முடிகிறது.

"நீதான்... எங்க வீட்டை... ஏரில கட்டின புள்ளையா?"

"ஆமாம்மா" என்றேன். வேறு என்ன சொல்வது? மன்னிப்புக் கேட்க வீட்டிலிருந்து நாலு வாக்கியம் தயார் பண்ணிக்கொண்டு போயிருந்தேன். ஒன்றுகூட ஞாபகம் வரவில்லை.

"வெயில்ல வந்திருக்காங்க பாரு. காப்பி போடு" என்றார் மகனிடம்.

கட்டிலுக்குப் பக்கத்தில் அந்த சிலிண்டர் நின்றுகொண்டிருந்தது. மீட்டரில் முள். எட்டு வருஷமாக நான் குத்திய ஊசிகளில் ஒன்றின் முனையில் என்ன இருக்கிறது என்று அன்றைக்குத்தான் நேரில் பார்த்தேன்.

காப்பி குடித்துவிட்டு வெளியே வந்தால், மாமா சந்தில் நடந்து அளந்துகொண்டிருந்தார். "எண்பத்து நாலு எட்டு" என்றார் நெற்றியைத் துடைத்தபடி. நான் வாசலில் நின்று போனை எடுத்தேன். இரண்டு பக்கமும் சுவர். வட்டம் பதினெட்டு மீட்டர் காட்டியது. காத்திருந்தேன். பதினொன்று. ஒன்பது. அந்தப் பிள்ளை பக்கத்தில் வந்து எட்டிப் பார்த்தார்.

"சந்துக்குப் பேர் என்ன சார்?"

"பேரெல்லாம் இல்லை. தபால்காரருக்குத் தெரியும்."

வட்டம் ஆறு மீட்டருக்கு வந்ததும் அமுக்கினேன்.

"இப்ப வந்துட்டீங்க" என்றார் அவர். இந்தத் தடவை 'அதான்' என்று சொல்லவில்லை.

*

அன்றைக்கு ராத்திரி ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் அந்தச் சந்தை வரைந்தேன். 'மாரியம்மன் சந்து' என்று ஒரு பெயர் வைத்துவிடலாமா என்று கை துறுதுறுத்தது. அங்கே ஒரு சட்டம் உண்டு: தரையில் இருப்பதை மட்டும் எழுது. தரையில் பலகை இல்லை. ஆகவே பெயரில்லாமலே விட்டேன். அம்மன் கோவில் இருக்கிறது, அதைப் போட்டேன்.

திங்கட்கிழமை ஆபீஸில் அந்தச் சீட்டைக் குப்பையிலிருந்து எடுத்தேன். இப்போதெல்லாம் பதில் குத்துமதிப்பாக வந்தால் எங்கள் மேப் ஊசி குத்துவதில்லை. வட்டம் போடும். 'வாசலில் நின்று ஒரு தடவை அமுக்கிக் காட்டுங்கள்' என்று வீட்டுக்காரரைக் கேட்கும். அமுக்கும்வரை வண்டி போவதற்கு முன்னால் ஒரு ஆள் போன் பண்ணி வழி கேட்டாகவேண்டும்.

மேனேஜருக்குப் பிடிக்கவில்லை. "வட்டம் பாக்க நல்லாவே இல்லையே. நமக்கு இடம் தெரியலைன்னு கஸ்டமர் நினைச்சுப்பாங்க."

"நமக்குத் தெரியலை சார்" என்றேன். போனில் எடுத்திருந்த பூநாரைப் படத்தைக் காட்டினேன். "நம்ம கஸ்டமர் வீடு, சார்."

ரொம்ப நேரம் படத்தைப் பார்த்தார். "சரி, வட்டத்துக்குக் கலராவது நல்லதாப் போடு" என்றார்.

போன வாரம் மாமாவோடு அவர் ஊர்ச் சிவன் கோவிலுக்குப் போயிருந்தேன். பிராகாரத்தில் அவருடைய பழைய சிநேகிதர் ஒருவர் எதிர்ப்பட்டார். "கூட யாரு, மாப்பிள்ளையா? என்ன பண்றார்?"

வழக்கமான 'கம்ப்யூட்டர்ல ஏதோ'வுக்காகக் காத்திருந்தேன்.

மாமா தொண்டையைச் செருமிக்கொண்டார். "நம்ம லைன்தான்யா. சர்வேயர்."